எட்டு எண்ணும் நேரத்தில் ஒரு பலகை

என் வயதுக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்தால், சின்ன வயதில் ஆடிய கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்குத்தான் பேச்சு திரும்புகிறது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடிக் கம்ப்யூட்டர் கடையில் கார் ஓட்டினோம், துப்பாக்கி சுட்டோம் என்று நீங்கள் எல்லாம் சொல்லும்போது நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் ஒரு ஆட்டம் தெரியும். ஆனால் நான் அதை ஆடியவன் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவன். பேச்சில் இதைச் சொல்ல எனக்கு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்போல இருக்கிறது. ஐந்தாவதோடு நின்றவன் எழுதுகிறேன், அங்கங்கே தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ரெட்டிபாளையத்தில், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா களையெடுக்க, கடலை பிடுங்க என்று காட்டு வேலைக்குப் போவார். எனக்கு மூன்று வயது மூத்தவன் அண்ணன்.

அண்ணன் எட்டு வயதில் ஓடும்போது விழ ஆரம்பித்தான். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது தன் தொடையின் மேலேயே கையை ஊன்றி ஊன்றி எழுந்திருப்பான். அதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அவனும் சிரித்திருக்கிறான். பன்னிரண்டு வயதில் நடை நின்றது. அப்பா அவனை முதுகில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திருச்சிக்குப் போனார், அம்மாவும் கூடப் போனார். தசை வலுவிழக்கிற நோய், முதலில் கால் போகும், பிறகு கை போகும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அம்மா கேட்டதற்கு, கை போகும்போது கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றாராம். அன்றிலிருந்து அம்மா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஐந்தாவது முடித்த கோடையில் என் பள்ளிக்கூடம் நின்றது. பகலில் அண்ணனைத் தூக்கி உட்கார வைக்க, கொல்லைக்குக் கொண்டுபோக வீட்டில் ஆள் வேண்டும். வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். "ஒரு வருசந்தாங்க சார், அடுத்த வருசம் அனுப்பிடுறேன்" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டாம் அல்லவா.

அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் வந்தது. ஆலைக்குப் போகும் வழியில் லாரிகளை எடை போடுகிற கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் எடைமேடை சார் என்போம். அவருக்குப் புது மிஷின் வந்ததும், மூலையில் கிடந்த பழையதை அப்பாவிடம் கொடுத்தார். மூட்டை தூக்கிப் பழகிய தலை. அப்பா முதல் நடையில் டி.வி. போன்ற பெட்டியையும் இரண்டாவது நடையில் மற்றதையும் சும்மாடு வைத்துத் தூக்கி வந்தார். எடைமேடை சார் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு கைப்பிடி சிமெண்ட் தூசு. பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒயர்களை மாட்டினார். அது உயிர் பெற்று வருவதற்குள் நான் தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்துவிடலாம். கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்து வரும்.

அதில் ஒரே ஒரு ஆட்டம்தான் இருந்தது. சார் லாரி வராத நேரத்தில் ஆடுவதற்காகப் போட்டு வைத்தது. ஒரு ஆறு. இந்தக் கரையில் தலைப்பாகை கட்டினாற்போல ஒரு ஆள். ஆற்றின் மேல் பலகைகள் இடமிருந்து வலமாக மிதந்துபோகும். எழுத்துப்பலகையின் அடியில் இருக்கிற நீளமான பட்டையைத் தட்டினால் ஆள் தாவுவான். பலகை விட்டுப் பலகை தாவி அக்கரை போனால் அடுத்த ஆறு. மொத்தம் பன்னிரண்டு ஆறு. தப்பினால் தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும் தெரியும், ஆள் போய்விடுவான். அவனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தோம்.

ஒரே ஒரு கட்டையைத் தட்டினால் போதும் என்பதால் அது அண்ணனுக்கு என்றே செய்ததுபோல இருந்தது. நாற்காலியில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து உட்கார வைப்பேன். மணிக்கட்டுக்கு அடியில் துண்டை மடித்து வைப்பேன். கட்டைவிரலால் தட்டுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். முதல் ஆற்றில் ஒரு பலகை இடது ஓரத்தில் கிளம்பி வலது ஓரம் போய்ச் சேர நான் எட்டு எண்ண வேண்டும். நாலு என்றதும் அண்ணன் தட்டுவான். மேஸ்திரி சரியாகப் பலகையின் நடுவில் நிற்பான். பத்தாவது ஆறு வரைக்கும் போயிருக்கிறான். எடைமேடை சார் ஆறாவதைத் தாண்டியதில்லை. தெருப் பையன்கள் சாயங்காலம் ஜன்னலில் தொங்குவார்கள். பந்து விளையாடும்போது இவனைத் திரும்பிப் பார்க்காதவர்கள், "அண்ணே, ஒரு தடவண்ணே" என்று கெஞ்சுவார்கள். அண்ணன் வரிசையில் நிற்கச் சொல்வான். அவர்கள் நிற்பார்கள். அண்ணன் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. அடுத்த மார்கழியில் அண்ணன் நாலாவது ஐந்தாவது ஆற்றிலேயே விழ ஆரம்பித்தான். "குளிருக்கு மிஷினு வேகமா ஓடுதுடா" என்றான். மிஷினுக்குக் குளிர் உறைக்குமா என்று எனக்குத் தெரியாது. அவன் ஏழாவது வரை படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும். அதே சமயத்தில்தான் சோற்றை ஊட்டிவிடச் சொல்லி என்னிடம் கேட்க ஆரம்பித்தான். "பெரியவனுக்குச் செல்லம் கூடிப்போச்சு" என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஊட்டினேன்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் வெளிநாட்டிலிருந்து தாய்மாமன் வந்தார். டவுனில் சொல்லிவைத்து ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு வந்திறங்கினார். கலர் திரை, சுட்டி, சிடி போடும் இடம், அப்போதுதான் புதிதாக வந்திருந்த விண்டோஸ். இனிமேல் உட்கார்ந்த இடத்திலேயே கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் எல்லாம் அடித்து அண்ணன் சம்பாதிக்கலாம் என்றார். அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை, சந்தோஷத்தில்தான் அப்படி என்று எல்லோரும் நினைத்தார்கள். மேஜையில் இரண்டுக்கும் இடமில்லை. வருடா வருடம் எங்கள் வீட்டில் போகிக்கு முன்பு உடைந்த முறம், கிழிந்த பாய் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அந்த வருடம் அவற்றோடு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. மூன்று சக்கர வண்டியில் வந்த பழைய இரும்புக்காரரிடம் அப்பாவே அதைத் தூக்கிக் கொடுத்தார். பதிலுக்கு ஒரு அலுமினியச் சட்டி வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அண்ணன் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் ஒரு பிளாப்பியில் இருக்கிறது, அதைப் புதியதில் போட்டால் போகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

பொங்கலன்று புது மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பிளாப்பியைப் போட்டோம். திரை ஒரு முறை கறுத்து, பழையபடி நீலத்துக்கு வந்துவிட்டது. இருபது தடவை போட்டும் அதே கதை. மறுநாள் எடைமேடை சார் வந்தார். ஆட்டத்தின் பெயர் மேல் சுட்டியை வைத்து எதையோ மாற்றி, பழைய காலத்து மிஷின் போல நடிக்கும்படி அதற்குச் சொன்னார். ஆட்டம் திறந்தது. ஆறு தெரிந்தது. மேஸ்திரி நின்றான். நான் எண்ண வாயைத் திறந்தேன். ஒன்று என்று முடிப்பதற்குள் நாலு பலகை ஓடிவிட்டது. ரோட்டில் பஸ் போகும்போது ஜன்னல் கம்பி தெரியுமே, அப்படி. அண்ணன் தட்டினான். வட்டம் மட்டும் தெரிந்தது.

சார் ஒரு பெரிய மனிதருக்குச் சொல்வதுபோல அண்ணனுக்கு விளக்கினார். "பழசுல ஆட்டம் நேரா மிஷினுகிட்டயே பேசும்டா. இதுல நடுவுல விண்டோஸ் உக்காந்துகிட்டு, இதான் உன் பழைய மிஷினுன்னு ஒரு பொய்ய காட்டுது. காட்டி என்ன, அடியில ஓடுறது பந்தயக் குதிரைடா. அந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாது. மிஷினு எவ்வளவு வேகமா மூச்சு வுடுதோ அவ்வளவு வேகமா ஓடும்."

"குதிரைய எப்புடி சார் நடக்க வைக்கிறது?" என்றான் அண்ணன்.

சார் விசாரித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

வழி எனக்குத்தான் தோன்றியது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எங்கள் வீட்டு மேட்டில் ஏறும்போது எறும்பு மாதிரி ஊரும். காலியாகத் திரும்பினால் பறக்கும். இதற்கும் பாரம் ஏற்றினால் என்ன? அண்ணனிடம் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆனது. சொன்னதும், "அட, ஏத்துடா" என்றான். ஒரு பாட்டை ஓடவிட்டோம், அதன் மேல் இன்னொரு பாட்டு, இன்னொன்று. கணக்குப் போடுகிற பெட்டி பத்து, படம் வரைகிற பெட்டி பத்து. எல்லாப் பாட்டும் ஒரே நேரத்தில் பாடி வீடே சந்தைக்கடை ஆனது. "இதுக்கா என் தம்பி கடல் தாண்டிப் போய்க் கஷ்டப்பட்டான்" என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஆட்டம் மெதுவானது. ஆனால் சேற்றில் மாட்டிய லாரி மாதிரி நின்று நின்று, திடீரென்று பாய்ந்தது. நிற்கும்போது அண்ணன் தட்டுவான், பாயும்போது மேஸ்திரி விழுவான். மாசி முழுக்க இப்படி ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஜன்னலில் தொங்கிய பையன்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியாக ஒருவன் மட்டும் வந்து, "இன்னும் ரெடியாவலயாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவனும் போய்விட்டான்.

பங்குனியில் எடைமேடை சார் வேறொரு பிளாப்பியோடு வந்தார். திருச்சியில் யாரிடமோ கேட்டு வாங்கியது. மிஷினின் நேரத்தை அதுவே தின்றுவிடும் ஒரு சின்ன சமாச்சாரம். கூட்டல் குறியைத் தட்டினால் ஆட்டம் வேகம், கழித்தல் குறியைத் தட்டினால் மெதுவு. நான் எண்ணிக்கொண்டே கழித்தலைத் தட்டினேன். மூன்று, ஐந்து, ஏழு. கடைசியில் நான் ஒன்று என்றதும் பலகை கிளம்பி, எட்டு என்றபோது போய்ச் சேர்ந்தது. துளிகூட நிற்காமல், பாயாமல். பழைய மிஷினேதான். சார் கைதட்டினார். அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

நான் நாலு என்றேன். மேஸ்திரி விழுந்தான்.

"பழக்கம் வுட்டுப்போச்சு" என்றான் அண்ணன். சார் போன பிறகும் ஆடினான். முதல் ஆற்றையே தாண்ட முடியவில்லை. "கொஞ்சம் கொறடா" என்றான். பத்து எண்ணும்படி வைத்தேன். மறுநாள் பன்னிரண்டு. ஒரு வாரத்தில் பதினாறு. அப்போதுதான் திரையை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தேன். நான் சொன்னது காதில் விழுந்ததும் அவன் தோள் அசைந்தது, உதடு இறுகியது. கட்டைவிரல் மட்டும் அப்படியே இருந்தது. நான் அடுத்த இரண்டு எண்ணை எண்ணி முடித்த பிறகுதான் அது மெல்லக் கீழே போனது.

மார்கழிக் குளிர் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஊட்டிவிட்ட சோறும். என் எண்ணிக்கை நின்றுவிட்டது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அண்ணன் திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"இப்ப எத்தன வச்சிருக்க?"

"பதினாறு."

"முன்னாடி எட்டுல்ல?"

"ம்."

"எனக்குத் தெரியும்டா. பழைய பொட்டி இருக்கையிலயே தெரியும். அம்மாகிட்ட சொல்லாத. அப்பாகிட்டயும் சொல்லாத. கையும் போயிருச்சுன்னு தெரிஞ்சா அது ரெண்டும் சோறு திங்காது. மிஷினு சரியில்லன்னே சொல்லு" என்றான்.

நான் தலையாட்டினேன். எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்குப் பதினாறு. பழியை ஒரு மிஷின் மேல் போட்டுவிட்டால் யாருக்கும் வலிக்காது என்று நாங்கள் நினைத்தோம். புது மிஷினில் பழைய ஆட்டம் சரியாக ஓடாதாம் என்று அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். வழக்கமாக அவரிடம் நான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவதில்லை. அதனால் அவர் அதை அப்படியே நம்பினார்.

வார லீவு நாளில் அப்பா என்னை அழைத்துக்கொண்டு அரியலூருக்குப் போனார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய இரும்புக்காரரின் கொட்டகை. அப்பா பழைய கம்ப்யூட்டரைத் திருப்பிக் கேட்டார். கடைக்காரர் நல்ல மனிதர்தான், முதலில் சிரித்தார்.

"அண்ணே, நீங்க குடுத்த வாரமே அத பிரிச்சாச்சு. செம்பு ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம் லாரி ஏறிப் போயிருச்சு. சட்டி ஓட்டையா இருந்தா சொல்லுங்க, மாத்தித் தரேன்."

அப்பா சிரிக்கவில்லை. குவியலில் ஏறி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். தகரம் கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி தேடினார். கடைக்காரரும் மனம் கேட்காமல் கூடத் தேடினார். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். "வாப்பா, போவலாம், அது வேணாம்" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? வெயில் ஏறும் வரைக்கும் அப்படியே நின்றேன்.

கடைசியில் எழுத்துப்பலகை மட்டும் கிடைத்தது. எங்களுடையதுதான், நீளமான பட்டையில் அண்ணன் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வீட்டுக்கு வந்ததும் புது மிஷினில் மாட்டப் பார்த்தார். பழைய பிளக்கு பெரிய உருண்டை, புதியதில் ஓட்டை சின்னது. குனிந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையால் திருப்பித் திருப்பி அழுத்தினார்.

"வுடுப்பா. அது சேராது" என்றான் அண்ணன்.

"இரு பெரியவனே, சேரும்."

"பொட்டி போனா போவுதுப்பா. எனக்கு இப்ப அதுல ஆசையில்ல."

அப்பா மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாந்தாண்டா தூக்கிக் குடுத்தேன். உன்ன ஒரு வார்த்த கேட்டேனா?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த நொடியில் இரண்டு பேருக்கும் புரிந்தது. மிஷின் மேல் போட்ட பழி மிஷினில் நிற்கவில்லை.

ஆவணிக்குள் கை விஷயம் வீட்டில் தானாகவே தெரிந்துவிட்டது. அதை எவ்வளவு நாள் மறைக்க முடியும்? அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. ஆனால் அப்பா கணக்கில் இரண்டும் வேறு வேறு. கை இப்போது போனது, ஆட்டம் தை மாதமே போனது. நடுவில் இருந்த நல்ல மாதங்களைத் தான்தான் தூக்கிப் போட்டுவிட்டதாக அவர் வைத்துக்கொண்டார். வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். லாரிக்காரர்களிடம் பழைய கம்ப்யூட்டர் எங்காவது கண்டால் சொல்லச் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான்.

அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு வருடம்கூட முழுசாக இல்லை. மழைக்காலத்தில் சளி கட்டி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு மதியம் நான் அவனைத் திருப்பிப் படுக்க வைத்தபோது சொன்னான்.

"நான் போனப்பறம் அப்பாகிட்ட சொல்லிடு. மிஷினு இல்ல, கைதான்னு. நான் சொன்னா அழுவாரு. நீ சொல்லு."

"சொல்றேண்ணா."

"சொல்லிருவல்ல? வாயத் தொறந்து?"

சத்தியம் செய்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். வீட்டில் உறவுக்காரர்கள். வருட திதிக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அன்று அவர் தானாகவே பொட்டியைப் பற்றிப் பேசி அழுதார், அழுகிறவரிடம் எப்படிச் சொல்வது? பிறகு எனக்கு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, அம்மா போனார். எனக்குப் பேச்சு வராது என்று ஊருக்கே தெரியும். அதை ஒரு காரணமாக நானும் வைத்துக்கொண்டேன்.

அப்பா கடைசியாகப் பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"சின்னவனே, அந்தப் பழைய பொட்டி இருந்திருந்தா அவன் இன்னும் கொஞ்ச நாளு ஆடியிருப்பான்ல?"

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். சொல்லத்தான் வைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தேன். மார்கழியிலிருந்தா, பதினாறிலிருந்தா, இரும்புக் குவியலின் கீழே நின்ற வெயிலிலிருந்தா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். "சரி வுடு. ஆடியிருப்பான். நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்டா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. நாலாம் நாள் அவரை ஊருக்கு எடுத்துவந்தோம்.

அது மிஷின் இல்லப்பா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் இப்போதுதான், உங்களிடம்தான், முதல் தடவையாகச் சொல்கிறேன்.